சாதாரணப் பயனர் வெளியே போய் உள்ளே வந்த விவரம்

கூட்டத்தில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் வருமாறு: மின்விசிறிக்கு நேர் கீழே, ஒளிவிரல் அறக்கட்டளையின் தலைவர் தோத்தாத்ரி. அவருக்கு வலப்பக்கம், காற்று பாதி எட்டும் தூரத்தில், கணினிப் பொறுப்பாளர் அப்பாதுரை. அவருக்கு முன்னால் 'மூலப் பயனர்' என்று பித்தளையில் பொறித்த பெயர்ப்பலகை. இடப்பக்கம், நடவடிக்கைக் குறிப்பும் மின்சாரக் கெட்டிலுமாகச் செயலாளர் தபீதாள். ஜன்னலோரத்துக் குஷன் நாற்காலி காலி. நன்கொடையாளர் யாராவது திடீரென்று வந்தால் உட்கார வேண்டுமே என்று அது எப்போதும் காலியாகவே இருக்கும். காற்று எட்டாத கதவோரம், பிளாஸ்டிக் நாற்காலியில் சத்தியநாதன். கிழக்குத் தாம்பரத்தில் இயங்கும் மேற்படி அறக்கட்டளையின் பிரெய்ல் அச்சுப் பிரிவு என்பது அவர் ஒருவர்தான். அவருக்குப் பெயர்ப்பலகை கிடையாது. குறிப்பில் அவர் 'சாதாரணப் பயனர்' என்றே வருவார்.

பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே: சாதாரணப் பயனர் அச்சுப்பொறியைப் பயன்படுத்தலாமா, கூடாதா.

அது மை தடவும் அச்சுப்பொறி அல்ல. தடித்த காகிதத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தி மேடு எழுப்பும். பார்வையில்லாத பிள்ளைகள் அதை விரலால் தடவிப் படிப்பார்கள். பழைய கணினி ஒருநாள் புகைந்து அடங்கிய பிறகு, யூனிக்ஸ் வகையில் புதிதாக ஒன்று வாங்கினார்கள். அதில் மூலப் பயனர் என்று ஒருவர் உண்டு. அவரால் எல்லாம் முடியும். மற்றவர்கள் சாதாரணப் பயனர்கள். அவர்களால் என்னென்ன முடியும் என்பதை மூலப் பயனர் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் தலைவர் நெகிழ்ந்துபோனார் என்றும், "இத்தனை வருஷமா நாம நடத்திண்டு வர்றதை ஒரு மிஷின் புரிஞ்சுண்டிருக்கே" என்று சொன்னார் என்றும் தபீதாளின் குறிப்பில் இருக்கிறது.

புதுக் கணினியில் சத்தியநாதன் அச்சுக்குக் கட்டளை கொடுத்தபோது திரையில் ஒரு வரி வந்தது: அனுமதி மறுக்கப்பட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே வரிதான்.

அவசரம் அவருடையது அல்ல, மஹாலட்சுமியுடையது. கேளம்பாக்கம் தாண்டிக் கடலோரக் குப்பத்தில் மீன் விற்கும் முத்தாலம்மாளின் மகள். பிளஸ் டூ. பிறவியிலேயே பார்வை கிடையாது. வரலாற்றில் நல்ல மதிப்பெண் வந்தால் பி.ஏ.வுக்கு ஒரு கல்லூரியில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் அம்மாவோடு கூடை. சாதாரணப் புத்தகம் பிரெய்லில் பல தொகுதிகளாகப் பெருத்துவிடும். வரலாற்றில் கடைசித் தொகுதியைத் தவிர மற்றவை அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தன. கையிலிருந்த தொகுதியின் கடைசிப் பக்கத்தில் பிரான்ஸ் தேசத்து ராஜாவும் ராணியும் மாறுவேடம் போட்டு, பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, தலைநகரை விட்டு வண்டியில் ஓடுகிறார்கள். பக்கம் அங்கே முடிந்துவிட்டது.

இதையெல்லாம் சத்தியநாதன் நாற்காலியை விட்டு எழுந்து நின்று சொன்னார். தோத்தாத்ரி கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, இதற்கு எவ்வளவு வேலை பிடிக்கும் என்று அப்பாதுரையைக் கேட்டார்.

"ஒரே ஒரு வரி சார். அடிச்சா முடிஞ்சுது. ரெண்டு செகண்டு."

"அதான் பயமா இருக்கு" என்றார் தோத்தாத்ரி. "ரெண்டு மாசம் ஆற காரியம்னா நடுவுல எங்கேயாவது தடுத்துடலாம். ரெண்டு செகண்டுல முடியறதை எப்படித் தடுக்கறது? அதுவுமில்லாம, இன்னிக்கு மிஷினைத் தொட விடறோம். நாளைக்கு மைக் கேப்பார். நாளன்னிக்கு கேமரா. எல்லாரும் எல்லாத்தையும் தொட ஆரம்பிச்சா, அப்புறம் நாம எதுக்கு?"

கேள்வி எல்லோரையும் பார்த்துக் கேட்கப்பட்டதால் எல்லோரும் அப்பாதுரையைப் பார்த்தார்கள். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

மறுநாள் முத்தாலம்மாளின் போனிலிருந்து அழைப்பு வந்தது.

"சார், மஹாலட்சுமி அம்மா பேசறேன். புக்கு இன்னாச்சு சார்? இந்தப் பொண்ணு அந்த ராஜாவையே நெனச்சுகினு கீது. சோறு எறங்க மாட்டேங்குது."

அனுமதிக்காகக் காத்திருப்பதாகச் சத்தியநாதன் விளக்கினார். புத்தகம் இருக்கிறது, காகிதம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, அனுமதி மட்டும் இல்லை.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னுவாங்க. உங்க பூசாரிக்கு நல்ல வஞ்சிரமா ரெண்டு எடுத்தாந்து தரட்டா?"

"அவர் மீன் சாப்பிட மாட்டாரும்மா."

"அப்ப கஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டு முத்தாலம்மாள் போனை மகளிடம் கொடுத்தாள்.

"சார், ராஜா தப்பிச்சாரா இல்லியா? இல்ல, சொல்லிடாதீங்க. காதால கேட்டா எனக்கு நிக்காது. கையால படிச்சாத்தான் நிக்கும்."

இந்த வாரம் வந்துவிடும் என்றார் சத்தியநாதன். அதைச் சொன்னபோது அவர் அப்படியே நம்பினார்.

நிற்க. அடுத்த கூட்டத்தில் தற்காலிக அனுமதி கிடைத்தது. மூலப் பயனர் என்ற பதவிதான் அப்பாதுரையுடையது. கடவுச்சொல்லில் பாதிதான் அவருக்குத் தெரியும். மீதிப் பாதி தோத்தாத்ரியிடம். ஒருவர் தட்டும்போது மற்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்பது விதி. தட்டும் எழுத்து திரையில் தெரியாது, நட்சத்திரக் குறிகூட விழாது. ஆகவே தோத்தாத்ரி தன் பாதியைத் தட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்ப, அப்பாதுரை வந்து தன் பாதியைத் தட்ட, கடவுச்சொல் தவறு என்று வந்தது. யாருடைய பாதி தவறு என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை. இருவரும் தத்தம் பாதி சரி என்று தபீதாளிடம் எழுதிக் கொடுத்தார்கள். மறுபடி தட்டினார்கள். மறுபடி தவறு. அப்புறம் ஒரு தடவை எப்படியோ சரியாயிற்று. யார் திருத்திக்கொண்டார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை. அப்பாதுரை அந்த ஒரு வரியைத் தட்டினார். அச்சுப்பொறி இருமிக்கொண்டு கிளம்பி, காகிதத்தைக் குத்த ஆரம்பித்தது. பாயசம் இல்லாத குறையைத் தீர்க்க எல்லோருக்கும் டீ போடலாம் என்றார் தபீதாள். கெட்டில் செருகக்கூடிய ஒரே பெரிய பிளக் பாயின்டில், அடுத்த அறையில், அச்சுப்பொறி இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் செருகினார்.

டீ நன்றாக இருந்தது. டீக்குப் பிறகு அச்சுப்பொறியை மறுபடி செருகினார்கள். திரையில்: அனுமதி மறுக்கப்பட்டது.

அப்பாதுரை பொறுமையாக விளக்கினார். கணினியின் கணக்குப்படி, பிளக்கைப் பிடுங்கியதும் அந்த அச்சுப்பொறி இல்லாமல் போய்விட்டது. திரும்பச் செருகியதும் வந்தது இன்னொன்று. போனதற்குக் கொடுத்த அனுமதி போனதோடு போயிற்று.

"அப்போ வந்திருக்கறது புதுசு" என்றார் தோத்தாத்ரி.

"அதே மிஷின்தான் சார்."

"நீதானேப்பா புதுசுன்னே. புதுசுன்னா புது விண்ணப்பம். போன மிஷினைப் பத்தித் தபீதாள் ஒரு இரங்கல் எழுதிடட்டும், குறிப்பு முழுசா இருக்கணும்."

இரங்கல் எழுதப்பட்டது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். சத்தியநாதனும் நின்றார், அடுத்த அறையில் அச்சுப்பொறியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வர வேண்டிய இடம், பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி, தடித்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு பிளக்கைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். பக்கத்தில் பெருக்கக் கூடாது என்று உத்தரவு. பிளக்கைப் பார்த்தபடி காவலாளிக்கு ஒரு ஸ்டூல். விண்ணப்பம் ஏற்கப்பட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கடவுச்சொல்லும் முதல் தடவையிலேயே சரியாக விழுந்த அன்றைக்கு, தாம்பரம் பக்கம் முழுவதும் கரண்ட் போயிற்று. கணினிக்குப் பேட்டரி உண்டு, அது அசையவில்லை. அச்சுப்பொறி பேட்டரி தாங்காத சாதி; அணைந்தது. கரண்ட் வந்ததும் புது அச்சுப்பொறி ஒன்று பிறந்தது. தபீதாள் பழைய இரங்கலையே எடுத்துத் தேதியை மாற்றினார்.

இந்த வாரம் வந்துவிடும் என்று சத்தியநாதன் போனில் சொன்னார்.

கடைசியில் அப்பாதுரையே நிரந்தர வழியைச் சொன்னார். சாதனத்தை மட்டும் திறந்துவிடுவது நிற்காது. அச்சுப்பொறியைத் தொடலாம் என்று ஒரு குழு கணினிக்குள் இருக்கிறது, அதில் சத்தியநாதனின் பெயரைச் சேர்த்துவிட்டால் எத்தனை தடவை பிளக்கைப் பிடுங்கினாலும் அனுமதி நிற்கும். இதற்கும் ஒரே வரிதான்.

தோத்தாத்ரி சட்டதிட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அறக்கட்டளையின் எந்தக் குழுவிலும் ஒற்றை ஆள் இருக்கக் கூடாது. மேலும், பயன் பெறுகிறவரே உறுப்பினராக இருந்தால் பாரபட்சம். ஆகவே முதலில் பயன் பெறாதவர்களைச் சேர்த்தார்கள்: டிரைவர், காவலாளி, தோட்டக்காரர், சமையற்கட்டிலிருந்து கனகவல்லி. கனகவல்லி கையைத் துடைத்துக்கொண்டே வந்து கையெழுத்துப் போட்டாள்.

"இது எனக்கு இன்னாத்துக்கு சார்? நான் ரசம் வெக்கறவ."

"அதுதாம்மா உன் தகுதி" என்றார் தோத்தாத்ரி.

அப்படியானால் கனகவல்லியை விட்டே ஒரு தடவை அச்சடிக்கச் சொல்லலாமே என்று சத்தியநாதன் கேட்டுப் பார்த்தார். நல்ல யோசனை என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கனகவல்லிக்கு அச்சுப்பொறியைத் தொடத்தான் அனுமதி உண்டு. அது இருக்கும் அறைக்குள் நுழைய அனுமதி இல்லை. அது வேறு குழு.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு, சிறப்பு அழைப்பாளராகச் சத்தியநாதன் பெயரும் சேர்ந்தது. விழா வைத்தார்கள். பேனர் கட்டினார்கள். தோத்தாத்ரி அவருக்குச் சால்வை போர்த்தினார். கைதட்டலுக்கிடையே சத்தியநாதன் சால்வையோடு கணினி முன் உட்கார்ந்து கட்டளை கொடுத்தார்.

அனுமதி மறுக்கப்பட்டது.

கைதட்டல் கொஞ்ச நேரம் தானாக ஓடி நின்றது. அப்பாதுரை தலையைச் சொறிந்தார். "ஒண்ணுமில்ல சார். குரூப்ல சேர்த்தாச்சு. ஆனா இவரு ஏற்கெனவே உள்ள இருக்காரு பாருங்க, உள்ள வரும்போது என்ன பவரோ அதான் இருக்கும். ஒரு தடவை லாக் அவுட் பண்ணி வெளியே போயிட்டு மறுபடி உள்ள வரணும். அவ்ளோதான்."

'அவ்ளோதான்' என்ற சொல்லைத் தபீதாள் குறித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெரியப்படுத்த வேண்டும். கணினி வந்த நாளில் சத்தியநாதனை உள்ளே அனுமதித்தவர் தோத்தாத்ரி. சத்தியநாதனின் கடவுச்சொல் ஒட்டிய உறையில் லாக்கரில் இருக்கிறது. சத்தியநாதனுக்கு அது தெரியாது. அன்றிலிருந்து அவர் வெளியேறியதே இல்லை. மாலையில் திரையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார், அவ்வளவே. உள்ளே வந்தவர் வெளியே போவதற்கு அறக்கட்டளையில் ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதன் பெயர் பணிவிலகல்.

"வெளியே போறவர் திரும்பி வருவார்னு என்ன நிச்சயம்?" என்றார் தோத்தாத்ரி. "அதனால முறைப்படி அனுப்பிடுவோம். முறைப்படி போனாத்தான் முறைப்படி வர முடியும்."

சத்தியநாதன் அடையாள அட்டையை ஒப்படைத்தார். நூலகத்தில் பாக்கி இல்லை, கேன்டீனில் பாக்கி இல்லை என்று எழுதி வாங்கினார். கனகவல்லி, தட்டு ஒன்று குறைகிறது என்று முதலில் சொல்லி, தேடிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். பிரிவுபசார விழாவுக்குப் பழைய பேனரையே திருப்பிக் கட்டினார்கள். சால்வையும் அதே சால்வை. முந்தின விழாவுக்குப் பிறகு அவரிடமிருந்து திருப்பி வாங்கி வைத்திருந்தார்கள்.

"நம்ம சத்தியநாதன் இந்த நிறுவனத்துல ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை" என்று தோத்தாத்ரி குரல் தழுதழுக்கப் பேசினார். "கடைசியா ஒண்ணு கேட்டார். அதையும் கொடுத்துட்டுத்தான் அனுப்பறோம்."

பரிசாகக் கொடுத்த சுவர்க்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தியநாதன் ஷேர் ஆட்டோவில் சிட்லபாக்கம் போனார். கதவைத் திறந்த மனைவி ஹில்டா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரிட்டயர் பண்ணிட்டாங்களா?"

"இல்ல. லாக் அவுட்."

"நாளைக்குப் போகணுமா, வேண்டாமா?"

"போகணும்."

"அப்போ டிபன் கட்டணும்" என்று ஹில்டா அரிசி ஊறவைக்கப் போனாள். கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டுக் கொடுக்கவில்லை. அதை அலமாரிக்கு மேலே வைத்தார்கள்.

மறுநாள் அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார். அப்பாதுரை அவரைக் கணினி முன் உட்காரவைத்தார். திரையில் பெயர் வேறு மாதிரி இருந்தது: சத்தியநாதன் 2. கட்டளை கொடுத்தார். திரையில் வந்த வரியை அவர் வாசிக்கவில்லை. அதன் நீளத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

"விலகினவரோட அக்கவுண்டை அழிச்சிடணும்னு ரூல் சார்" என்றார் அப்பாதுரை, குரலைத் தாழ்த்தி. "அழிச்சிட்டேன். இது புது அக்கவுண்டு. குரூப்ல இருந்தது பழைய நீங்க."

"நான் அதே ஆளுதானே அப்பாதுரை."

"எனக்குத் தெரியுது சார். சிஸ்டத்துக்குத் தெரியலியே."

"உங்க ஒரு வரியை இன்னொரு தடவை போடுங்களேன்."

"போடலாம் சார். ஆனா புதுசா சேர்ந்தவங்க தகுதிகாண் காலம் முடியற வரைக்கும் எந்தச் சாதனத்தையும் தொடக் கூடாதாம். தலைவர் இன்னைக்குக் காலையிலதான் சொன்னாரு. நேத்து வரைக்கும் நீங்க சீனியர், அந்தப் பிரச்சினையே இல்ல."

சத்தியநாதன் சரி என்றார். அவர் நாற்காலியும் மாறியிருந்தது. புதியவர்களுக்குக் கை இல்லாத நாற்காலி.

நிற்க. வரலாற்றுத் தேர்வு வந்தது, போயிற்று. அன்று பிற்பகல் போன் அடித்தபோது அவர் சமையற்கட்டு வாசலில் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். மஹாலட்சுமிதான். பின்னால் கடைத்தெருவில் முத்தாலம்மாள் யாரிடமோ விலை பேசும் சத்தம் கேட்டது.

"சார், ராஜா கேள்வி வந்துச்சு சார். பெரிய கேள்வி."

சத்தியநாதன் குழாயை மூடினார்.

"பக்கத்துல உக்காந்து எழுதித் தர்ற அக்கா, அவரு இன்னா ஆனாரு சொல்லு, எழுதறேன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது அவரு வண்டியில ஏறுனது வரைக்கும்தான். அவ்ளோ தூரம் வேஷம் போட்டுகினு, புள்ளைங்களைக் கூட்டிகினு போனவரு தப்பிச்சிருப்பாருன்னு நெனச்சேன். தப்பிச்சுட்டாருன்னு எழுதச் சொல்லிட்டேன். சரியா சார்?"

அவர் வாயைத் திறந்தார்.

"இல்ல, சொல்லாதீங்க" என்றாள். "புக்கு வரட்டும். நானே பாத்துக்கறேன்."

இந்த முறை 'இந்த வாரம் வந்துவிடும்' என்று அவர் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, டப்பாவைத் துடைத்து, மூடியைப் போட்டு, பையில் வைத்தார். பிறகு அச்சுப் பிரிவின் பீரோவைத் திறந்தார். அடித்தட்டில் பிரெய்ல் கையெழுத்து ஸ்லேட் ஒன்றும் குத்தூசி ஒன்றும் இருந்தன. மின்சாரத்தில் ஓடாததால் அவை சாதனம் ஆகா. அவற்றைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. முழுத் தொகுதியையும் அதில் குத்த மாதக்கணக்காகும். ராஜாவின் பக்கத்தை மட்டும் என்றால் ஒரு சாயங்காலம் போதும். ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் என்று நம்பியதில் அது அவருக்குத் தோன்றவே இல்லை.

காகிதத்தை ஸ்லேட்டில் பூட்டி, வலமிருந்து இடமாக, எழுத்தைத் திருப்பிப் போட்டுக் குத்த ஆரம்பித்தார். காகிதத்தைப் புரட்டினால்தான் மேடு நேராக வரும். வழியில் ஓர் ஊரில் தபால் நிலையத்து ஆள் ஒருவன் ராஜாவின் முகத்தை அடையாளம் கண்டுகொண்டான். அடுத்த ஊரில் வண்டியை மறித்தார்கள். திருப்பி அழைத்துவந்தார்கள். பின்னாளில் மக்களின் பிரதிநிதிகள் கூடி வாக்கெடுத்து, ராஜாவின் தலையை வெட்டினார்கள். பாடப்புத்தகத்தில் இருந்ததை இருந்தபடியே குத்தினார். 'தலை' என்ற இடத்தில் ஊசி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. விரலால் தடவிப் பார்த்தார், வாசிக்க வந்தது. கீழே ஒரு வரி இடம் மிஞ்சியது. 'விடைதான் தப்பு, உன் மேல் தப்பில்லை' என்று சேர்த்தார்.

அவர் எழுந்தபோது கூட்ட அறையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தகுதிகாண் காலத்தில் உள்ளவர் ஊசி வைத்துக்கொள்ளலாமா என்ற விஷயம் அடுத்த கூட்டத்துக்கு எடுக்கப்பட்டிருப்பதாகத் தபீதாள் வழியிலேயே தெரிவித்தார். நல்லது என்றார் சத்தியநாதன்.

தபால் நிலையத்தில் கவுன்டர் மூடும் நேரம். உறைக்குள் இருப்பதைத் தடவிப் பார்த்தே கவுன்டரில் இருந்த பெண்ணுக்குப் புரிந்துவிட்டது.

"பிரெய்லா சார்? கண்ணு தெரியாதவங்களுக்குன்னா ஒட்டாம குடுங்க, ஸ்டாம்பே வேணாம். திறந்திருந்தா ஃப்ரீ. ஒட்டினீங்கன்னாதான் காசு."

"ஒட்டிடறேன்மா."

"ஏன் சார்? திறந்தாலும் யாருக்குப் படிக்கத் தெரியப்போகுது."

"முதல் கை அவளோடதா இருக்கணும்."

அந்தப் பெண் பசைக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். சத்தியநாதன் மடிப்பில் பசை தடவி, விரலால் ஓரம் ஓரமாக அழுத்தி, காய்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்தார். அவள் முத்திரையைக் குத்தி, உறையைப் பின்னால் தொங்கிய சாக்குப் பைக்குள் போட்டு, பையின் வாயைக் கட்டினாள்.